எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்

செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டுமாம். கோயிலில் கழற்றுகிறோம், சரி, அங்கே தரை கல், தினமும் ஒருத்தி கூட்டுகிறாள். இங்கே விடாமல் பெய்த மழையில் ஊறிய சருகு, மிதித்தால் சொதசொதவென்று விரலிடுக்கில் ஏறுகிறது, அதற்குள் என்னென்ன நெளிகிறதோ யார் கண்டது. ‘மண் உங்க பாரத்தை வாங்கிக்கும்’ என்கிறான் நிரஞ்சன். வாங்கட்டும், என் பாரத்தைத் தாங்க இந்த மண்ணுக்குத் தெம்பு இருந்தால் வாங்கட்டும். இந்த நிரஞ்சன்தான் ‘வனமூச்சு’ என்கிற இந்த இடத்துக்கு எல்லாமும். பெங்களூரில் ஏதோ பற்பசைக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவன், அது அலுத்துப்போய் வால்பாறைக்கு மேலே இந்த மழைக்காட்டு ஓரத்தில் வந்து உட்கார்ந்து இப்போது காட்டுக்கு விளம்பரம் எழுதுகிறான். என்னை குருஜி என்று கூப்பிடாதீர்கள் என்று வந்த எல்லாரிடமும் சொன்னான். கூப்பிட்டால் நன்றாயிருக்கும் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தாடி தானாக வளர்ந்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகவே தினமும் கத்தரிக்கிறான், எனக்குத் தெரியாதா. ரேஷன் கடையில் பொங்கல் பை கொடுக்கிற மாதிரி ஆளுக்கொரு மரம் கொடுத்திருக்கிறான். எனக்கு வந்தது வெடிப்பலாவாம். உச்சியைப் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், இவ்வளவு உயரம் எதற்கு என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு அடுத்த மரம், நடுவில் ஒரு டவுன் பஸ்ஸை நிறுத்தலாம், அவ்வளவுதான் தூரம். எல்லாரும் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்க இவர் மட்டும் மரத்தைப் பார்த்து, பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கோடு போட்ட சட்டை, கழுத்துப் பொத்தான் வரை மாட்டி, ஏதோ இன்டர்வியூவுக்கு வந்த ஆள். தாரிணி என்று ஒரு பெண் வெண்கலக் கிண்ணத்தைக் கட்டையால் தட்டுவாள். முதல் தட்டுக்கு மௌனம். இரண்டாவது தட்டுக்கு மனசில் உள்ளதை அவரவர் மரத்திடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மெதுவாக, மரத்துக்கு மட்டும் கேட்கும்படி. மூன்றாவது தட்டுக்குக் கஞ்சி. இன்றைக்குக் கடைசி நாள், கஞ்சி குடித்ததும் ஜீப் கீழே போகும். அந்தக் கஞ்சிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நிரஞ்சனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். முதல் தட்டு முடிந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் சூப் நேரத்தில் நடந்தது அது. சூப் என்றால் ஏதோ இலையைக் கொதிக்கவைத்த தண்ணீர், உப்பு போட்டால் இலையின் குரல் அமுங்கிவிடுமாம், ஆகவே உப்பில்லை. நான் எதிர் பெஞ்சில். நிரஞ்சன் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தப் பஞ்சு மாதிரியான குரலில் ஆரம்பித்தான். ‘ஐயா, நீங்க எதுக்குக் கீழ போகணும்? ஒரு வருஷம் எங்களோட வனவாசியா இருங்களேன். நாற்றங்கால் ஒண்ணு போட்டிருக்கோம், அதைப் பாத்துக்க உங்களை மாதிரி நிதானமான ஒருத்தர்தான் வேணும். யோசிச்சு நாளைக்குக் கஞ்சிக்கு முன்னாடி சொல்லுங்க.’ இவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வனவாசி என்றால் தனி ஆள்தான், ஜோடி கிடையாது, அதுவும் இவர்கள் விதியாம். ஆகவே அம்மாவும் இருக்கட்டும் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நான் இருந்துவிடப் போகிறேனா, அது வேறு. நான் காதில் விழாத மாதிரி சூப்பை ஊதினேன். இவருக்கு விழுந்ததா என்பதுதான் கேள்வி. ஸ்பின்னிங் மில்லில் மாஸ்டராக இருந்தவர். அந்த இரைச்சல் இடது காதை முழுசாகத் தின்றுவிட்டு வலது காதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறது. வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்து பேசினால் கேட்கும். இடது பக்கம் சரவெடி வைத்தாலும் கேட்காது. மற்றபடி காது மிஷின்தான், பூனாவில் இருக்கிற எங்கள் மகள் மைதிலி வாங்கிக் கொடுத்தது. அந்த மிஷினைத்தான் வந்த அன்றே கூடையில் போட்டுவிட்டாரே. ‘சார்ஜ் போடற எதுவும் காட்டுக்குள்ள வேண்டாம்’ என்று தாரிணி மூங்கில் கூடையை நீட்டினாள். எல்லாரும் செல்போனைப் போட்டார்கள், கைக்கடிகாரத்தைப் போட்டார்கள். இவர் செல்போனைப் போட்டார், பிறகு இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றி, கைக்குட்டையில் துடைத்து, டப்பாவில் வைத்து மூடி, அதையும் போட்டார். டிவியில் தேசிய கீதம் வந்தால் குளியலறைக்குள்ளேயே எழுந்து நிற்கிற ஆள், விதி என்று ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், அதை மீற இவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அன்றைக்கே சொல்லியிருப்பேன். இங்கே கேட்பதற்கு என்ன கொட்டிக் கிடக்கிறது என்று விட்டுவிட்டேன். நாலு நாளாக ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு திரிகிறார், அதைப் பார்த்து நிரஞ்சன் ‘ஐயா மௌனத்துக்குள்ள போயிட்டார்’ என்று மற்றவர்களுக்குக் காட்டி மெச்சுகிறான். கண்றாவி. மைத்துனர் செத்த வீட்டில் துக்கம் விசாரித்தவர்களுக்கும் இதே சிரிப்பு, இதே தலையாட்டல். அன்றைக்கு மிஷினில் பேட்டரி இல்லை.

ஆகவே நிரஞ்சன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்? இடது பக்கம் என்றால் நேற்று ஆடிய தலைக்கு ஒரு அர்த்தமும் இல்லை, கஞ்சி, ஜீப், பொள்ளாச்சி, கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீடு, முடிந்தது கதை. வலது பக்கம் என்றால் கேட்டுத்தான் ஆட்டினார். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள், என் வலது அவருக்கு இடது, இதைத்தான் ராத்திரி மூங்கில் கட்டிலில் புரண்டு புரண்டு போட்டுப் பார்த்தேன். ஜன்னல் என் வலது கைப்பக்கம் இருந்தது, மழைச்சாரல் என் வலது தோளை நனைத்தது. நிரஞ்சன் ஜன்னலோரம் இருந்தானா, கதவோரமா? ஜன்னலோரம் என்றால் அவருக்கு இடது பக்கம், நல்லது. ஜன்னலோரம்தான், அவன் தாடியில் வெளிச்சம் விழுந்ததே. ஆனால் வெளிச்சம் ஜன்னலிலிருந்தா வந்தது, நடுவில் தொங்கிய லாந்தரிலிருந்தா? லாந்தர் ஏற்றிவிட்டார்களா அப்போது? கரண்டே இல்லாமல் வாழ்கிறோம் என்று பீற்றிக்கொண்டு பின்கட்டில் சோலார் பலகை வைத்திருக்கிறார்கள், நான் கக்கூசைத் தேடிப் போனபோது பார்த்துவிட்டேன். சூப்பைத் தாரிணி நிரஞ்சனுக்கு நீட்டும்போது இவருக்குக் குறுக்கே கையை நீட்டினாள். தாரிணி கதவுப் பக்கமிருந்து வந்தாள். அப்படியென்றால் கதவுக்கும் நிரஞ்சனுக்கும் நடுவில் இவர், நிரஞ்சன் ஜன்னலோரம், இடது பக்கம், கேட்கவில்லை. இப்படி முடிவுகட்டி நிம்மதியாகக் கண்ணை மூடினேன். மூடியதும் தாரிணிக்கு இடதுகைப் பழக்கம் என்பது ஞாபகம் வந்தது. அதனால் என்ன மாறுகிறது என்று யோசித்து யோசித்து ஒன்றும் புலப்படாமல் விடிந்துவிட்டது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஏனுங்க, அந்தத் தாடிக்காரன் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா என்று காதுக்குள் கத்தியிருக்கலாம், மௌனமாவது மண்ணாவது. கேட்டால், எனக்கு அது முக்கியம் என்று ஆகிவிடும். நாற்பது வருஷத்தில் எதற்கும் நான் இவரைக் கெஞ்சியதில்லை.

எனக்குக் கேட்காத பேச்சா. கோயமுத்தூர் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்தவள் நான். பம்பாய்க்கு, மதுரைக்கு, கொச்சிக்கு என்று ஊர் முழுக்க எங்கள் விரல் வழியாகத்தான் பேசியது. இரண்டு பக்கமும் கிடைத்து ‘பேசுங்க’ என்று சொன்னதும் எங்கள் பக்கத்துச் சாவியை மூடிவிட வேண்டும், கேட்கக் கூடாது, அது சட்டம். யார் மூடினார்கள். பஞ்சு வியாபாரி மனைவியிடம் ஈரோட்டில் இருக்கிறேன் என்று சொல்லும் இடம் பெங்களூர் ஹோட்டல் என்பது எனக்குத் தெரியும். அம்மா செத்ததற்கு மூன்று நிமிஷத்தில் அழுது முடித்துவிட்டு நாலாவது நிமிஷத்துக்கு நீட்டிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்கிற மகன்களைத் தெரியும். எத்தனை பேர் எத்தனை விதமாக ஒரே பொய்யைச் சொல்கிறார்கள் என்று தினமும் கேட்டவளுக்கு மனுஷ ஜாதியின்மேல் எங்கிருந்து மரியாதை வரும். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது ஒவ்வொன்றாக இவரிடம் சொல்வேன், பஞ்சு வியாபாரியின் குழைவை அப்படியே நடித்துக் காட்டுவேன். இவருக்கு அப்போது காது நன்றாகவே கேட்டது. புரையேறும்வரை சிரிப்பார். இப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், சிரிப்புதான் வருவதில்லை. காது மிஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிசாக்குகிறது, அதனால் பேச்சு தெளிவாக விழுவதில்லை என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் இருக்கும்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் சங்கு ஊதுகிறது. மனித வாடையே படாத ஆதி வனம் என்று எங்களுக்காகப் பணம் கட்டிவிட்டு மைதிலி அனுப்பிய படத்தின் கீழ் போட்டிருந்தது. ஆதி வனம் எஸ்டேட்டுக்கு நடுவில் துண்டு விழுந்த காடு. அந்தப் பக்கம் போனால் கொழுந்து எடுக்கிறவர்கள், இந்தப் பக்கம் போனால் பேக்கரி. சங்கு ஊதியதும் சென்னையிலிருந்து வந்த பல் டாக்டரம்மா கண்ணை மூடியபடியே புன்னகைத்தாள், ஏதோ பறவை என்று நினைத்திருப்பாள். வந்த அன்றிலிருந்து அழுகிறாள் இந்த அம்மாள். சாமைக் கஞ்சியைப் பார்த்து அழுதாள், பாசி படிந்த கல்லைத் தொட்டுவிட்டு அழுதாள், ‘இத்தனை வருஷம் நான் எங்க இருந்தேன்’ என்று கேட்டு அழுதாள். அண்ணா நகரில் இருந்தாய் அம்மணி, வேறெங்கே. என் கணுக்காலில் அட்டை ஒன்று ஏறியிருக்கிறது. கடிக்கும்போது தெரியாது, கனக்க ஆரம்பித்தபிறகுதான் தெரியும். அட்டையை எடுக்கக் கூடாது என்பது இங்கே முக்கியமான விதி, வேண்டியதை எடுத்துக்கொண்டு அதுவே விழுந்துவிடுமாம், கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஜீப் டிரைவரிடம் வாங்கிய உப்புப் பொட்டலம் என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. ஒரு சிட்டிகை போட்டேன், சுருண்டு விழுந்தது. அவர் சம்மணத்தைக் கலைத்து ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தார். பாதத்தின் மேல் ஒன்று திராட்சை மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதை அவர் பார்க்கிறார், கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார், எடுக்கவில்லை. இந்தக் கீழ்ப்படிதலை என்னவென்று சொல்ல. அது குடித்து முடித்து உருண்டு விழுந்ததும் இவர் பாதத்தைத் தடவிக்கொண்டார். ரத்தம் வழிகிறது, அதையும் துடைக்கவில்லை. ஏதோ பெரிசாகச் சாதித்துவிட்ட மாதிரி தோளை நிமிர்த்தி உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. இன்றைக்குக் காலையில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தபோது பக்கத்துக் கட்டில் காலி. போய்ப் பார்த்தால் நாற்றங்காலில், கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் வரிசையாக நிற்கிற கன்றுகளுக்கு நடுவே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். குடிபோகப் போகிற வீட்டை அப்படித்தான் சுற்றிப் பார்ப்பார். கணபதி வீட்டையும் அப்படித்தான் பார்த்தார். ஆகவே கேட்டிருக்கிறது. ஆகவே வலது பக்கம். இல்லை, சும்மா காலாற நடந்திருப்பார், செடி என்றால் இவருக்கு எப்போதும் பைத்தியம், பால்கனியில் கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு அதற்குக் குடை பிடித்த ஆள்.

ஒரு வருஷம். ஒரு வருஷம் என்பார்கள், பிறகு இன்னொரு வருஷம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே, எனக்கென்ன. எனக்கு டிவி சத்தம் மிச்சம். காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டாமல் பல்லால் கடித்துக் கிழித்து சிங்க் முழுக்கச் சிந்துகிற ஆள் மிச்சம். செய்தித்தாளை மடிப்புக் கலைத்துப் போட்டு, அதன்மேலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்து, பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து, கண்ணாடி எங்கே என்று என்னைக் கேட்கிற ஆள் மிச்சம். சுகமாக இருப்பேன். ஒருத்திக்கு ஒரு டம்ளர் அரிசி, ஒரு ரசம். கதவைப் பூட்டிக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பேன். சாயங்காலம் சீரியல் ஓடும். மாமியாராக நடிக்கிறவள் வாசலில் நின்று விழியை உருட்டுவாள், இவ மூஞ்சியும் இவ நகையும் என்று நான் சொல்வேன். சொன்னால் பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் வேண்டாமா? கேட்கிறதோ கேட்கவில்லையோ, ஒரு தலை ஆட வேண்டாமா? கீழ் வீட்டுக்காரி மாடிப்படியில் கோலப்பொடி சிந்திவிட்டுப் போனதை யாரிடம் சொல்வது? மைதிலியிடம் சொன்னால் ‘அம்மா, மீட்டிங்ல இருக்கேன்’ என்பாள். பூனாவில் எப்போது பார்த்தாலும் மீட்டிங்தான் நடக்கிறது. எனக்குப் பிரச்சனை சோறும் இல்லை, துணைக்கு ஆள் என்பதும் இல்லை, திருடன் வந்தால் என் குரலே போதும். ராத்திரி விளக்கை அணைத்தபிறகு, அன்றைக்குப் பார்த்த எல்லாரையும் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிக்காமல் தொண்டையிலேயே நிற்குமே, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இருட்டுக்குப் பயந்ததில்லை, எக்ஸ்சேஞ்சில் நைட் ஷிப்ட் பார்த்தவள், சாவுக்குப் பயந்ததில்லை. அந்த வீட்டில் நான் ஒன்று சொல்லி அது யாருக்கும் போய்ச் சேராமல் திரும்பி எனக்கே வரும், அதற்குத்தான் பயம். இந்த மரத்திடம் சொல்ல வேண்டியது இதுதான் போலிருக்கிறது. சொல்ல மாட்டேன். மரத்திடம் பேசுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் வந்துவிடவில்லை.

இரண்டாவது தட்டு. ஒலி காட்டுக்குள் போய் நெளிந்து கரைந்தது. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். நாலாபக்கமும் முணுமுணுப்பு, பரீட்சைக்கு முந்தின நாள் ஹாஸ்டல் மாதிரி. பல் டாக்டரம்மா விசும்புகிறாள், அவளுக்கு மரம் தேவையில்லை, ஒரு துண்டு போதும். நிரஞ்சன் கையைக் கட்டிக்கொண்டு பாதையோரம் நின்று எல்லாரையும் பார்த்துக் கனிகிறான். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அப்போது வந்தது அவர் குரல். ‘வணக்கமுங்க.’ மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. மில் ஓடும்போது அடுத்த மெஷின்காரனுக்குச் சொல்கிற சத்தம் அது. ‘எம் பேரு சென்னியப்பனுங்க. மில்லுல மாஸ்டரா இருந்தனுங்க. உங்ககிட்ட என்னமோ பேசோணும்னு சொல்றாங்க, என்னத்தப் பேசறதுன்னுதான் வெளங்கலீங்க.’ கோயமுத்தூர்க்காரர், மரத்துக்கும் ‘ங்க’ போடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. முணுமுணுப்பெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை, மரத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். ‘அந்தத் தம்பி ஒரு வருசம் இங்கியே இருக்கச் சொல்லுதுங்க. நேத்து சொன்னப்ப ஒண்ணும் காதுல விழுகுல. சும்மா தலையாட்டி வெச்சன். காத்தால நாத்துப் பட்டியில நிக்கறப்ப நானே கூப்புட்டு மறுக்காக் கேட்டனுங்க, காதுகிட்ட வந்து சொல்லுச்சு.’ இடது பக்கம். இடது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி முழுக்க நான் போட்ட கணக்கு சரி, சரியாக இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘இருந்துக்கலாம்னுதானுங்க தோணுது.’

அவர் நிறுத்திவிட்டு மரப்பட்டையை விரலால் தடவினார். ‘அந்தக் காது மிஷினு இருக்குதுங்களே, அதைக் கூடையில போடோணும்னு ஒண்ணும் இல்லீங்க. கூடையப் புடிச்ச புள்ள அன்னிக்கே தனியாத் திருப்பிக் குடுக்க வந்துச்சு, அய்யா, இதெல்லாம் நீங்க வெச்சுக்கலாமுன்னு காதுகிட்ட சொல்லுச்சு. நாந்தான் இருக்கட்டும் கண்ணு, உங்கிட்டயே இருக்கட்டும்னுட்டன். எங்கூட்டுக்காரிக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரு சொல்லு சொல்லுவா. அவ பேசுவாளுங்க. கெட்டவ இல்லீங்க, நல்லவதான். யாரப் பாத்தாலும் ஒரு சொல்லு வெச்சிருப்பா, கேக்க நல்லா இருக்கும், சிரிப்பு வரும். எத்தனையோ வருசம் சிரிச்சிருக்கறனுங்க. அப்பறம் எப்பன்னு தெரியல, இத்தனை பேரச் சொல்றவ மனசுக்குள்ள நம்மளயும் இப்பிடித்தான் சொல்லிக்கிட்டு இருப்பான்னு ஒரு நெனப்பு வந்துருச்சு. அதுல இருந்து எதைச் செஞ்சாலும், அவ என்ன சொல்லுவாங்கறது மொதல்ல கேட்டுப் போடுது. அவ பக்கத்துல இல்லாட்டியும் கேக்குதுங்க. சட்டை மாட்டறப்பக் கேக்குது, சோத்துல கை வெக்கறப்பக் கேக்குது. மிஷினைக் கழட்டி நாலு நாளாச்சுங்க. மொத ரண்டு நாளு அப்பவும் கேட்டுட்டுத்தான் இருந்துது. நேத்துலிருந்து நின்னுருச்சு.’ பாதத்து ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தார். ‘அவளுக்குச் சிரமம் ஒண்ணும் இருக்காதுங்க. தைரியமான பொம்பள. அவளுக்கு ஆருமே வேண்டியதில்ல.’

பல் டாக்டரம்மா விசும்புவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த முகத்தில் அழுகை இல்லை, பாவம் பார்க்கிறாள், என்னை. தாரிணி கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எல்லாரையும் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்போல் வாய் பரபரத்தது, எப்போதும் தானாக வந்து நிற்குமே, ஒன்றுகூட வரவில்லை. நான் எழுந்தேன். முட்டி சடக்கென்றது. நிரஞ்சன் உதட்டில் விரலை வைத்து, உட்காருங்கள் என்று கையால் அமர்த்தினான். அந்த விரலை ஒடித்திருப்பேன், நேரமில்லை. வெறுங்காலோடு சகதியில் போனேன், எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றவில்லை, அவருக்கு இடது பக்கம் போய் நின்றேன். கிட்டே போனால் அவர் பின்கழுத்தில் நரைமுடி, சலூன்காரன் சரியாக வழிக்காமல் விட்டது, சட்டைக் காலருக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மனுஷர் போய்விடுவார். கஞ்சி வந்ததும் சரி என்பார், நான் ஜீப்பில் ஏறுவேன், கையாட்டுவார், அவ்வளவுதான்.

‘ஏனுங்க,’ என்றேன். கேட்கவில்லை. ‘ஏனுங்க, வாங்க, போலாம். என்னால அங்க ஒருத்தியா இருக்க முடியாதுங்க. எனக்குப் பயமா இருக்குது. நான் உங்களை அப்பிடியெல்லாம் ஒண்ணும் நெனைக்கல. வந்துருங்க, எனக்கு நீங்க வேணுமுங்க.’ மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், கேட்க வேண்டுமே என்று கத்தினேன், கத்திய கத்தலில் குரல் உடைந்து மேலே ஏதோ பெரிய பறவை இறக்கை அடித்துக்கொண்டு கிளம்பியது. அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் கேட்டிருக்கும். நாற்பது வருஷத்தில் இவரிடம் சொல்லாததை இத்தனை அன்னியர் முன்னால் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். அவர் மரப்பட்டையைத் தடவிக்கொண்டேயிருந்தார். பிறகு என் நிழல் மேலே விழுந்ததோ, காலடியில் மண் அசைந்ததோ, திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், இன்னும் அசைந்துகொண்டிருந்த என் வாயைப் பார்த்தார். அவசரமாகக் கையை ஊன்றி எழுந்தார்.

‘திட்டாத அம்மிணி,’ என்றார். ‘வந்தர்றேன்.’

செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஜீப் நிற்கிற பக்கமாக எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.